வல்லரசு பார்த்த மலை

கோத்தகிரிக்குப் போகலாம் என்று ரமாபாய் சொன்னபோது அன்பரசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போய்விட்டார். அவர் தண்ணீரோடு மூன்று மாடி ஏறி வருவதற்குள் அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உன் ரயில்வே பாசு வருசா வருசம் வீணாத்தான் போவுது. இந்த தபா எய்திக் குடு. ரெண்டு பேருக்கு."

"அங்க போயி இன்னாமே பண்ணப் போற?"

"பாக்கப் போறேன்."

"பாக்கறதுக்கு அங்க இன்னா கீது?"

"எம் புள்ள எங்க வுய்ந்தான்னு பாக்கணும். நீ வரலன்னா நான் தனியாப் போயிக்கிறேன்."

அவர் குடத்தை இறக்கி வைத்தார். தண்ணீர் தளும்பிக் காலில் ஊற்றியது. துடைக்கவில்லை.

அன்பரசனுக்கு பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை. தண்டவாளத்துக்கு நடுவே வெட்டிய குழிக்குள் நின்று, மேலே நிற்கும் பெட்டிகளின் சக்கரத்தையும் பிரேக்கையும் சரிபார்ப்பது. இருபத்தொன்பது வருடமாக நீலகிரி எக்ஸ்பிரஸின் அடிப்பக்கம் அவருக்குத் தெரியும். உள்ளே பெருக்குகிற பெண்கள், "இன்னிக்கு சீட்டுக்கடியில ஒரே கேரட்டு தழ அண்ணே, வர்க்கி பிஸ்கட்டுத் தூளு, நீலகிரித் தைல வாசன" என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் ஏறிப் போனதில்லை. போன ஆடி மாதம் வல்லரசு அந்த வண்டியில்தான் போனான். அன்றைக்கு அந்த வண்டியின் பிரேக்கைப் பார்த்து அனுப்பியவரும் அவர்தான்.

வல்லரசு ஒரே பிள்ளை. இருபத்துமூன்று வயது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஒப்பந்த வேலையில் இருந்தான். சூப்பர்வைசர் ஒருவன் ஜாதியை இழுத்துப் பேசினான் என்று சட்டையைப் பிடித்துவிட்டான். வேலை போயிற்று. பத்து நாள் கழித்துச் சிநேகிதர்கள் மூன்று பேரோடு மலைக்குப் போனான். மூன்றாம் நாள் காலையில் பனிமுனை என்கிற இடத்தில் பாறை விளிம்பிலிருந்து விழுந்துவிட்டான். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் அதுவரைதான் போனார்கள். மலையின் மேல் காலை வைக்காமலே பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த நாள் ஒரு பேப்பரில், போதையில் தவறி விழுந்த சென்னை வாலிபர் என்று நாலு வரி வந்தது.

அந்த நாலு வரியை ரமாபாய் நம்பவில்லை. ஆனாலும் அது அவளை விட்டுப் போகவில்லை. பிணத்தை எடுத்த அன்றைக்கு, புளியந்தோப்பு குடியிருப்பின் வாசலில், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அவள் அஃப்ரித்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீதாண்டா இட்டுகினு போன. குடிக்க வச்சி சாவடிச்சிட்டு நீ மட்டும் முய்சா வந்து நிக்கிறியா?" அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் மாதவரத்தில் மாமாவின் டயர் கடைக்குப் போனவன், பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

அஃப்ரித்தின் அம்மா கௌசர், இரண்டாவது மாடி. ரமாபாய் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குச் சமைக்கப் போன நாட்களில் வல்லரசு வளர்ந்ததே கௌசர் வீட்டில்தான். அவளுடைய தையல் மெஷினுக்கு அடியில் படுத்துத் தூங்குவான். இருபது வருடப் பழக்கம். இந்த ஒரு வருடமாக இருவரும் படியில் எதிர்ப்பட்டால், ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு இன்னொருத்திக்கு வழி விடுவாள். பேச்சு கிடையாது.

பெட்டியோடு இவர்கள் இறங்கிய சாயங்காலமும் கௌசர் கதவருகில் நின்றிருந்தாள். எங்கே போகிறார்கள் என்று குடியிருப்பு முழுக்கத் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். ரமாபாய் நிற்காமல் இறங்கிவிட்டாள்.

மேட்டுப்பாளையத்தில் விடிந்தது. கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் ரமாபாய் உட்கார்ந்தாள். பாக்குத் தோப்புகள் முடிந்து வளைவுகள் தொடங்கியதும் காதடைத்தது. கீழே பார்த்தால் வந்த சாலையே சுருண்டு கிடந்தது. பஸ் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அன்பரசன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரேக் சத்தத்தைக் கவனித்தார்.

"நல்லாத்தான் புடிக்கிது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வழி நெடுகப் பலகைகள். மலைச்சைக்கிள் வாடகைக்கு. கூடாரத்தில் தங்கலாம். கம்பியில் தொங்கியபடி பள்ளத்தாக்கைக் கடக்கலாம். ஒரு பலகையில் ஒரு பையன் இரண்டு கைகளையும் விரித்து, வாயெல்லாம் பல்லாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் பண்ணியிருப்பானாய்யா?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்."

ஊர் சின்ன ஊர். பஸ் நிலையம், அதைச் சுற்றிக் கடைகள், வர்க்கி சுடும் வாசனை, தேயிலைத் தூள் விற்கிற பெண்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்திலிருந்து மேகம் தெருவில் நடந்து வந்து கடைகளை ஒவ்வொன்றாக மூடியது. மேடான சந்தில் ஒரு லாட்ஜில் அறை கிடைத்தது. பனிமுனைக்கு யாரும் தனியாகப் போக முடியாது என்றும், காலையில் வழிகாட்டியோடு ஒரு கூட்டம் போகும், அதில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் லாட்ஜ்காரர் சொன்னார்.

"நல்லா சுத்திக் காட்டுவான். பழைய பங்களா, சோலை, கல்திட்டை எல்லாம் வரும். வயசானவங்க மெதுவா நடக்கலாம்" என்றார்.

சாயங்காலம் மழை தூறியது. அறைக்கு முன்னால் இருந்த சின்ன வராந்தாவில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த தக்காளிச் சோற்றைப் பிரித்தார்கள். பொரித்த உப்புக்கண்டத்தை ரமாபாய் தனியாக எடுத்து அவர் இலையில் வைத்தாள். குளிரில் விரல் விறைத்து, சோறு பிசைய வரவில்லை.

அன்பரசன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"ரமா. நாளிக்கி அங்க போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும் உன் கைல."

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு அவன் கெளம்புனப்போ நீ அங்கன்வாடி சென்டருக்குப் பூட்ட. நான் டூட்டிக்கு எறங்கினு இருந்தேன். படியில பாத்தேன். பைய மாட்டிகினு, புதுச் சட்ட போட்டுகினு நின்னான். வேல போயி பத்து நாளுதான் ஆவுது, டூரு ஒரு கேடாடான்னு கேட்டேன். சிரிச்சான். அவன் சிரிச்சதும் எனக்கு சுர்ருனு ஏறிச்சி." தண்ணீர் குடித்தார். "இனிமே எம் மூஞ்சில முய்க்காத, போற எடத்துலயே ஒயிஞ்சி பூடுன்னுட்டேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அவன் இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிப்பு மட்டும் நின்னுபோச்சி. எறங்கிப் பூட்டான்." இலையைத் தள்ளி வைத்தார். "பேப்பர்காரன் குடிச்சான்றான். நீ அஃப்ரித்துன்ற. நான் இன்னா நெனச்சிகினு கீறேன்னு யார் கைல போயி சொல்வேன்? அவனா குதிச்சிருப்பானோன்னு... ஒரு வருசமா குழிக்குள்ள நின்னா அதான். சோத்துல கை வச்சா அதான்."

ரமாபாய் கை கழுவிவிட்டு வந்தாள். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"ஒரு வருசம்" என்றாள். "நான் அந்தப் புள்ளைய ஊருக்கு நடுவுல வச்சி நாயி மாதிரி பேசினேன். நீ பக்கத்துலதான நின்ன? பாத்துகினு நின்னியேய்யா."

அவள் உள்ளே போய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் நெடுநேரம் வராந்தாவில் இருந்தார். குளிர் கால் வழியாக ஏறியது.

காலையில் கூட்டம் பதினொரு பேர். பெங்களூரிலிருந்து வந்த ஐ.டி. பிள்ளைகள் ஐந்து பேர், ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், இவர்கள் இரண்டு பேர். வழிகாட்டி பெயர் ஷிபின். முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா காலத்தில் கூடலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த மலையாளக் குடும்பம் என்று அவனே சொன்னான். ஒல்லியான உடம்பு, தோளில் கயிற்றுச் சுருள். ஒரு நோட்டில் எல்லாரையும் பேரும் ஊரும் எழுதச் சொன்னான். ரமாபாய் தன் பேரை மட்டும் எழுதி, சென்னை என்று போட்டாள்.

ஈரோட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மெட்ராசுங்களா? இன்னா, கீதுன்னு பேசுவீங்களே, சினிமால கேட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

"ஆமா, அப்டித்தான் பேசுவோம். இன்னா இப்போ?" என்றாள் ரமாபாய்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதலில் பழைய பங்களா. சிவப்புச் சாயம் பூசிய கல் கட்டிடம். இருநூறு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் மேலே ஏறிவந்து கட்டியது என்று ஷிபின் சொன்னான். உள்ளே பழைய படங்களும் வரைபடங்களும் இருந்தன. அன்பரசன் சுவர்க் கல்லைக் கையால் தட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் தட்டிக் கேட்கிற பழக்கம்.

"இந்தக் கல்லெல்லாம் கீயேர்ந்து யார் தூக்கியாந்தது தம்பி?"

"அதுக்குப் பேர் எதுவும் எழுதி வைக்கலைங்க" என்றான் ஷிபின்.

பிறகு சோலைக்குள் நடை. இலைகளிலிருந்து மழை முடிந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. ரமாபாய் முன்னால் நடந்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து அவரோடு பேசவில்லை. வழுக்குகிற இடத்தில் அவர் நீட்டிய கையையும் பிடிக்கவில்லை. மூச்சு வாங்கியது. மூட்டில் வலி. ஆனால் நிற்கவில்லை. ஓரிடத்தில் பாசி படர்ந்த பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கூரையாக வைத்த சின்ன அமைப்பு இருந்தது. செத்தவர்களுக்காக அந்தக் காலத்து ஜனங்கள் வைத்தது, எத்தனை வருடம் என்று சரியாகத் தெரியாது என்றான் ஷிபின். பெங்களூர்ப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் நகர்ந்த பிறகு ரமாபாய் குனிந்து அந்தக் கல்லுக்குள் பார்த்தாள். ஈரமண்ணும் சருகும்தான்.

சோலை முடிந்ததும் புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில் வானம். அதுதான் பனிமுனை. இடுப்புயரத்துக்குக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். கீழே எங்கோ தரை, கோடாக ஒரு சாலை, பிறகு மேகம் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

"எல்லாரும் இங்கயே நில்லுங்க. வேலிக்குப் பக்கத்துல போகாதீங்க" என்று ஷிபின் உரக்கச் சொன்னான். "போன வருசம் வரைக்கும் இங்க வேலி கிடையாது. சென்னையிலேர்ந்து வந்த ஒரு பையன், பேர் வல்லரசு, இருபத்துமூணு வயசு, இங்கேருந்துதான் விழுந்தான்."

அன்பரசன் வேலியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். ரமாபாய் வழிகாட்டியின் வாயையே பார்த்தாள்.

"தண்ணியா?" என்றார் ஈரோட்டுக்காரர்.

"இல்ல சார். பேப்பர்ல அப்படிப் போட்டாங்க. நான் அவன் வாய்க்குப் பக்கத்துல காதை வெச்சிருந்தவன். வாசனையே இல்லை. இந்தப் புல்லுதான் ஏமாத்தும். பார்த்தா தரை மாதிரி தெரியும், ஆனா பாறைக்கு வெளியே ரெண்டடி வளர்ந்து தொங்குது, அடியில மண்ணே இல்லை. பனியில எனக்கே தெரியாது. அவன் ஃபோட்டோவுக்குப் பின்னால நகர்ந்திருக்கான். அவ்வளவுதான்."

"ஒவ்வொரு கும்பலுக்கும் இந்தக் கதை சொல்வீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சொல்வேன். பேரைச் சொன்னாத்தான் ஜனங்க தள்ளி நிக்கிறாங்க."

"அவன பெத்தவ நானு" என்றாள் ரமாபாய்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. ஈரோட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவருடைய மனைவி வந்து ரமாபாயின் தோளைத் தொட்டாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஷிபின் தோளிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். மற்றவர்களைச் சோலையோரம் உட்காரச் சொல்லிவிட்டு, இவர்கள் இரண்டு பேரையும் ஒரு தட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனான். தானும் எதிரில் புல்லில் உட்கார்ந்தான்.

"தெரியாமப் பேசிட்டேன், மன்னிக்கணும்."

"நீ தப்பா ஒண்ணும் பேசலப்பா. குடிக்கலன்னு சொன்ன பாரு, அதுக்கே உனுக்குப் புண்ணியம். முய்சா சொல்லு."

அவன் சொன்னான். அன்று காலை அவன் கீழே சோலைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பையன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். இரண்டு கிலோமீட்டர் கல்லிலும் முள்ளிலும் ஓடி வந்தவன். பாதமெல்லாம் ரத்தம். பெயர் அஃப்ரித் என்று பிறகுதான் தெரிந்தது. ஷிபினும் அவனும் கயிற்றோடு மேலே ஓடினார்கள். கட்டுவதற்கு நல்ல மரம் பக்கத்தில் இல்லை. ஒரு குத்துச்செடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சத்தை அஃப்ரித்தும் மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஷிபின் இறங்கினான்.

"பாதியில செடி பிடுங்கிடுச்சு. மத்த ரெண்டு பேரும் பயத்துல விட்டுட்டாங்க. அந்தப் பையன் மட்டும் விடலை. கயிறு உருவி உள்ளங்கைத் தோலெல்லாம் போயிடுச்சு. அவன் விட்டிருந்தா நானும் இல்லை."

ரமாபாய் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள்.

"கீழே ஒரு திட்டு. அதுல கிடந்தான். உசுரு இருந்துச்சு."

அன்பரசன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். "எவ்ளோ நேரம்?"

"அரை மணி நேரம். கொஞ்சம் கூட இருக்கலாம். மேலே கத்தினேன், காத்துல யாருக்கும் கேக்கலை. ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் நான் பக்கத்துல இருந்தேன். கையைப் பிடிச்சிட்டு இருந்தேன். ரொம்ப வலிச்ச மாதிரி தெரியலை. குளிருதுன்னு சொன்னான்."

"பேசினானா?"

ஷிபின் தயங்கினான். புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக்கூடாது. அவன் என்கிட்ட ஒரு விஷயம் சொல்லாதேன்னு சொல்லிட்டான். அதனால போலீஸ்காரங்ககிட்டயும் சொல்லலை, அந்தப் பசங்ககிட்டயும் சொல்லலை. ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நைனான்னு ஒரு பொண்ணு... அவன் விரும்பின பொண்ணா இருக்கும். உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னா பேரு சொன்ன?" என்றாள் ரமாபாய்.

"நைனா. வீட்டுல யாருக்குச் சொல்லணும், நம்பர் குடுன்னு கேட்டேன். அவன் கண்ணை மூடாம இருக்கணும்னு பேச்சுக் குடுத்துட்டே இருந்தேன். அப்போ சொன்னான். 'நைனா கையில சொல்லாத. பயந்துடும். நானே வந்து சொல்லிக்கிறேன்.' ரெண்டு தடவை அப்படியே சொன்னான். கையில-ன்னது எனக்குப் புரியலை. எதையாவது அந்தப் பொண்ணு கையில குடுக்கச் சொல்றானோன்னு அவன் கை, சட்டைப்பை எல்லாம் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. சொல்லாதேன்னு சொல்லிட்டானே, போனவனோட வார்த்தை, அந்தப் பொண்ணு பேர் கெட்டுப்போகக் கூடாதுன்னு மனசுலயே வெச்சிருக்கேன். சென்னையிலேர்ந்து யார் வந்தாலும் நோட்டுல அந்தப் பேர் இருக்கான்னு பார்ப்பேன்."

ரமாபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"அது பொண்ணு இல்லப்பா. எங்கூர்ல அப்பன நைனான்னுதான் கூப்புடுவோம். கைலன்னா கிட்டன்னு அர்த்தம். நைனா கைல சொல்லாதன்னா, எங்கப்பா கிட்ட சொல்லாத." அவள் திரும்பிக் கணவரைக் காட்டினாள். "தோ, இவருதாம்பா நைனா."

ஷிபின் அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. அவன் ஒரு வருடமாகத் தேடிய நைனா ஐம்பத்தைந்து வயதில், காக்கிப் பேன்ட்டும் மங்கிப்போன ஸ்வெட்டருமாக எதிரே உட்கார்ந்திருந்தார்.

அன்பரசன் அழவில்லை. முன்னால் குனிந்து, டூட்டியில் ஒரு கோளாறை மேலதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல மெதுவாகக் கேட்டார்.

"நானே வந்துன்னு சொன்னானா தம்பி?"

"ஆமாங்க."

"வந்து சொல்லிக்கிறேன்னா?"

"நானே வந்து சொல்லிக்கிறேன்னுதான் சொன்னான். ரெண்டு தடவை."

"நைனா பயந்துடும்னு..."

"ஆமாங்க. பயந்துடும்னு."

"வூட்டுக்கு வரேன்னுதான சொல்லிகீறான்" என்று அவர் மனைவியிடம் திரும்பினார். "ரமா, வூட்டுக்கு வரேன்னு சொல்லிகீறாம்மே."

அதற்குப் பிறகுதான் உடைந்தார். மார்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சோலையோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ரமாபாய் முந்தின சாயங்காலத்திலிருந்து தொடாத மனிதனின் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். ஷிபின் கொஞ்சம் தள்ளிப் போய் வேலிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றான்.

இறங்கும்போது வழுக்குகிற இடத்தில் அவள்தான் கையை நீட்டினாள். கீழே டீக்கடையில் ஷிபின் வாங்கிக் கொடுத்த டீயை மூன்று பேரும் குடித்தார்கள்.

"இனிமே கும்பலுக்கு சொல்றப்ப, குடிக்கலன்றதயும் சேத்து சொல்லு" என்றாள் ரமாபாய்.

"சொல்றேம்மா."

"அவங்கப்பன் பேரு அன்பரசன். எங்க பேரும் ஊரும் எய்திக்கோ. மெட்ராசுக்கு வந்தா வூட்டுக்கு வரணும்."

அவன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை புளியந்தோப்புக்குத் திரும்பினார்கள். ரமாபாய் மூன்றாவது மாடிக்கு ஏறவில்லை. பையை அவரிடம் கொடுத்துவிட்டு இரண்டாவது மாடியில் நின்றாள். தையல் மெஷின் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது.

கௌசர் கதவைத் திறந்தாள். யாரென்று பார்த்ததும் பயந்துபோய், தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா?"

"உம் புள்ள கை இப்ப எப்டி கீது?"

"கையா?" கௌசருக்குப் புரியவில்லை. "அது ஆறிப்போச்சிக்கா. ரெண்டு வெரலு மட்டும் சரியா மடங்காது. டயரு தூக்கறப்போ..." அவள் நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது. "யாருமே கேக்கலக்கா அத. நீதான் மொத."

"நாளிக்கி ஞாயித்துக்கெயம. அவன வரச் சொல்லு."

"எதுக்குக்கா? திட்டறதுக்குன்னா வேணாங்க்கா. அவன் சரியா தூங்கறதுகூட இல்ல."

"சோறு துன்றதுக்கு" என்றாள் ரமாபாய். "நான் பேசினது தப்பு கௌசர். அத உன் கைல இப்ப சொல்றேன். அவன் கைல நாளிக்கி சொல்றேன்."

கௌசர் கதவை முழுசாகத் திறந்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.

மறுநாள் மதியம் அஃப்ரித் வந்தான். இளைத்திருந்தான். மூன்றாவது மாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான். அன்பரசன் எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். குறுக்கே தழும்பு வெளுத்து மினுங்கியது.

மலையில் கேட்டதை அவரே சொன்னார். வல்லரசு உயிரோடு இருந்ததை, பேசியதை, என்ன பேசினான் என்பதை. அஃப்ரித் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசினானா மாமா? மேலேர்ந்து நான் வல்லு வல்லுன்னு கத்திகினே இருந்தேன். பதிலே வரல. வுய்ந்தப்பவே பூட்டான்னுதான் நான் இவ்ளோ நாளு..." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ரமாபாய் சோறு போட்டாள். கௌசர் கீழேயிருந்து ஒரு கிண்ணத்தில் தால்ச்சா கொண்டுவந்து வைத்துவிட்டு, பழையபடி அடுப்படி ஓரத்தில் குந்தினாள். நாலு பேரும் சாப்பிட்டார்கள். அன்பரசன் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். கை காய்ந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அஃப்ரித்து, அந்த டூரப் பத்தி சொல்லு. மூணு நாளு இன்னா பண்ணீங்க?" என்றார் அன்பரசன்.

"எதச் சொல்றது மாமா?"

"எல்லாத்தயும். மொதல்லேர்ந்து."

அஃப்ரித் முதலில் தடுமாறினான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். வல்லரசு குளிர் தாங்காமல் குரங்குக் குல்லா வாங்கிப் போட்டுக்கொண்டு, தூங்கும்போதுகூடக் கழற்றாமல் கிடந்தது. நாலு பேருக்கு ஒரு ரூம், மூன்று போர்வையை அவனே சுற்றிக்கொண்டு மற்றவர்களை நடுங்கவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிற அக்காக்களிடம் போய், "நானும் கிள்றேங்க்கா" என்று கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு, முற்றின இலையெல்லாம் பறித்துப் போட்டு, அவர்கள் விரட்ட இவன் ஓடியது. கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது பாதி வழியில் நின்றுபோய், "எம்மா, எம்மா" என்று அவன் கத்தியது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

ரமாபாய் சிரித்துவிட்டாள். சிரித்ததை நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கௌசரும் சிரித்தாள்.

"மெய்யாலுமே கத்தினானா?"

"சத்தியமா அத்தே. எறங்கி வந்து, நான் எங்கடா கத்தினேன், அது பக்கத்துக் கம்பியில வந்தவன்னு சாதிக்கிறான்."

சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு மூன்றாம் நாள் காலை வந்ததும் குரல் இறங்கியது. விடிகாலையில் எழுந்து கிளம்பியதையும், வழியெல்லாம் பனியாக இருந்ததையும் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

அன்பரசன் அவன் முழங்காலில் கையை வைத்தார்.

"அது வேணாம் நைனா" என்று பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். "அத நான் கேட்டுகினேன். குல்லா வாங்கினான்னு சொன்ன பாரு. அங்கேர்ந்து இன்னொரு தபா சொல்லு."